அம்பு தைத்தும் கலங்காத முகங்கள்: ஓவியக் கல்லூரி மாணவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள மாணவ மாணவியருக்கு,

ஐரோப்பிய ஓவிய வரலாற்று வகுப்பில் 15-ஆம் நூற்றாண்டு இத்தாலிக்கு வந்ததும் உங்களில் யாராவது ஒருவர் எழுந்து கேட்கும் கேள்விகள் சில உண்டு. உடம்பெல்லாம் அம்பு தைத்திருக்கிறது. செபஸ்தியார் மட்டும் பேருந்துக்குக் காத்திருப்பவர் போல நிற்கிறாரே? பேதுருவைத் தலைகீழாக நிறுத்தி ஆணி அடிக்கிறார்கள். முகத்தில் ஒரு சுளிப்பைக் காணோமே? புனித எராஸ்மஸின் குடலையே உருவுகிறார்கள். மனிதர் அசையாமல் படுத்திருக்கிறாரே? இதற்கு வழக்கமாகக் கிடைக்கும் பதில்: "முகபாவம் வரையும் கலை அப்போது முதிரவில்லை. அனாட்டமியும் பெர்ஸ்பெக்டிவும்தான் அவர்களுக்குப் புதிது. மற்றதெல்லாம் பிறகு வந்தது."

அந்தப் பதிலை மறுக்கவே இந்த மடல். முகத்தில் வலி வேண்டாம் என்பது தெரிந்தே எடுத்த முடிவு. அந்தப் படங்கள் எங்கே மாட்டப்பட்டிருந்தன, எதிரே நின்றவர்கள் யார், அவர்களுக்கு அதனிடம் என்ன வேண்டியிருந்தது என்று விசாரித்தால் காரணம் பிடிபடும்.

முதலில் ஒரே ஓவியரின் இரண்டு வேலைகளை அருகருகே வைத்துப் பாருங்கள். 1474-இல் போத்திச்செல்லி பிளாரன்ஸின் சாந்தா மரியா மஜ்ஜோரே கோயிலுக்காக ஒரு செபஸ்தியார் படம் வரைந்தார். இப்போது பெர்லினில் இருக்கிறது. ஒடுக்கமான, உயரமான பலகை. கிளைகளைத் தறித்த மரத்தோடு கட்டுண்டு நிற்கும் இளைஞனின் முகத்தில் லேசான சோகம். அதற்கு மேல் எதுவும் இல்லை. வந்த வேலையை முடித்த வீரர்கள் தூரத்தில் சின்ன உருவங்களாகத் தெரிகிறார்கள். நான்கு ஆண்டு கழித்து, 1478 ஏப்ரலில், மெடிச்சி குடும்பத்தைக் கொல்லச் சதி செய்த பாத்சி கூட்டத்தாரைப் பிளாரன்ஸ் அரசு தூக்கிலிட்டது. தூக்கில் தொங்குகிறவர்களாக அவர்களை அரசு மாளிகைச் சுவரில் தீட்டும் வேலை அதே போத்திச்செல்லியிடம் வந்தது. கூலி 40 ஃபுளோரின். 1494-இல் மெடிச்சிகள் நகரைவிட்டு விரட்டப்பட்டபோது அந்தச் சுவரோவியம் அழிக்கப்பட்டது.

இது அவருக்கு மட்டும் வாய்த்த வேலையும் அல்ல. 1440-இல் அரசின் எதிரிகளைத் தூக்கில் தொங்குகிறவர்களாகப் பார்ஜெல்லோ மாளிகைச் சுவரில் வரைந்த ஆந்திரியா தெல் காஸ்தாஞ்ஞோவுக்கு 'தூக்கிலிடப்பட்டவர்களின் ஆந்திரியா' என்றே பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது. பாத்சி சதியில் தப்பி கான்ஸ்டான்டிநோபிளுக்கு ஓடிய பெர்னார்தோ பரோன்செல்லியைப் பிடித்துவந்து 1479 டிசம்பரில் தூக்கிலிட்டபோது, இளம் லியனார்தோ பேனாவும் தாளுமாக எதிரே நின்றார். பின்னால் கட்டிய கைகள், தளர்ந்து சரிந்த தலை. பக்கத்திலேயே தொப்பி என்ன நிறம், மேலங்கிக்கு என்ன உள்துணி என்று துணிக்கடைக்காரரின் கவனத்தோடு குறிப்புகள். அந்தத் தாள் இப்போது பிரான்ஸில் பயோன் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

ஆக, வதையும் சாவும் எப்படி இருக்கும் என்று அந்தத் தலைமுறைக்கு நன்றாகத் தெரியும். குற்றவாளியை வரையும்போது சாவின் அவமானம் தெரிய வேண்டும். சுவரைக் கடந்து போகிறவர் அஞ்ச வேண்டும். நம்பிக்கைக்காக உயிர்விட்ட மறைசாட்சியை வரையும்போது கொடுக்கப்பட்ட வேலையே வேறு.

செபஸ்தியாரையே எடுத்துக்கொள்வோம். தியோக்கிளேசியன் பேரரசரின் மெய்க்காவல் படையில் இருந்தவர் என்பது மரபு. பலரும் மறந்துவிடும் செய்தி, அவர் அம்பினால் சாகவில்லை. செத்துவிட்டார் என்று விட்டுப்போன உடலை ஐரீன் என்ற பெண் எடுத்துவந்து காயம் ஆற்றினாள். எழுந்து நடந்து மறுபடியும் பேரரசரின் எதிரில் போய் நின்றார். அதன்பின் அடித்துக் கொன்றார்கள். கொள்ளைநோயை வானிலிருந்து பாயும் அம்பாகக் காண்பது கிரேக்கக் காவியத்திலும் உண்டு, விவிலியத்திலும் உண்டு. எனவே அம்பு தைத்தும் பிழைத்தவர் கொள்ளைநோய்க்குக் காவலர் ஆனார். 680-இல் பாவியா நகரில் அவருக்குப் பீடம் எழுப்பிய பிறகே நோய் தணிந்தது என்று வரலாற்றாசிரியர் பவுல் தியாக்கோன் எழுதிவைத்திருக்கிறார். 1348-இல் இத்தாலியைச் சூறையாடிய கறுப்புச் சாவு அத்தோடு போய்விடவில்லை. ஒவ்வொரு தலைமுறையிலும் திரும்பத் திரும்ப வந்தது. அது வரும்போதெல்லாம் செபஸ்தியாருக்குப் படமும் பீடமும் பெருகின.

14-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜொவான்னி தெல் பியோந்தோ பிளாரன்ஸ் பேராலயத்துக்காக வரைந்த செபஸ்தியார் மேல் அம்பு தைக்காத இடமே இல்லை. முள்ளம்பன்றி போல என்று புனிதர் வரலாற்று நூல் சொன்னதை அவர் அப்படியே எடுத்துக்கொண்டார். நூறு ஆண்டு போவதற்குள் அம்புகளை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்ற நிலை வந்துவிட்டது. இன்னும் ஒரு படி மேலே போனவர் பெனோட்சோ கொட்சோலி. 1464-இல் சான் ஜிமிஞானோ ஊரில் கொள்ளைநோய் பரவியபோது சாந்தகொஸ்தினோ கோயில் சுவரில் அவர் வரைந்த செபஸ்தியாருக்குக் கட்டும் இல்லை, காயமும் இல்லை. முழு உடையில், கைகூப்பி, ஊர் மக்களைத் தம் மேலங்கியின் அடியில் சேர்த்துக்கொண்டு நிற்கிறார். மேலே தந்தையாகிய கடவுளும் வானதூதர்களும் அம்பு எறிகிறார்கள். அங்கியில் பட்ட அம்புகள் ஒடிந்து விழுகின்றன. கிறிஸ்து தம் காயத்தைக் காட்டியும், மரியாள் தாம் பாலூட்டிய மார்பைக் காட்டியும் ஊருக்காகப் பரிந்து பேசுகிறார்கள். வீட்டில் பிணத்தை வைத்துக்கொண்டு இந்தச் சுவருக்கு முன்னால் வந்து முழங்காலிட்டவரை எண்ணிப் பாருங்கள். காப்பவரே வலியில் துடித்துக்கொண்டிருந்தால் அவர் யாரிடம் போவார்? தமிழ்நாட்டுக் கடலோர ஊர்களிலும் இலங்கையிலும் ஜனவரி 20-இல் திருவிழாக் காணும் செபஸ்தியார் சுரூபங்கள், அம்புகளோடு முகம் கலங்காமல் நிற்பதும் இந்த வழியில் வந்ததுதான்.

அடுத்த வகைப் பார்வையாளர், மரண தண்டனை பெற்றவர்.

பிளாரன்ஸிலும் பொலோஞ்ஞாவிலும், 1488 முதல் ரோமிலும், தூக்குக்குப் போகிறவரைத் தேற்றுவதற்கென்றே பொதுநிலையினரின் பக்த சபைகள் இருந்தன. பிளாரன்ஸ் சபையாருக்குக் கறுப்பு அங்கியால் 'கறுப்பர்கள்' என்று பெயர். முந்தின இரவு கைதியோடு உட்கார்ந்து செபிப்பார்கள்; விடிந்ததும் கூடவே நடப்பார்கள். கையில் காம்பு வைத்த சிறு பலகை. அதில் கிறிஸ்துவின் சிலுவைச் சாவோ ஒரு மறைசாட்சியின் சாவோ தீட்டியிருக்கும். இரு பக்கமும் படம் உள்ளவையும் உண்டு. வழிநெடுகக் கைதியின் கண்ணுக்கு நேரே அதைப் பிடித்துக்கொண்டே போவார்கள். கூட்டத்தின் ஏச்சும் தூக்குமரமும் கண்ணில் படாமல் அந்தப் பலகை மறைத்துவிடும். ஏணியில் ஏறும்போதுகூட அது விலகாது. 16-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அன்னிபாலே கராச்சி வரைந்த ஒரு கோட்டோவியத்தில் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். இன்னும் கொஞ்ச நேரத்தில் கழுத்தில் கயிறு விழப்போகிற ஒருவருக்குக் காட்டும் படத்தில் புனிதரின் முகம் எப்படி இருக்க வேண்டும் என்று அந்த ஓவியரிடம் யாரும் விளக்க வேண்டியிருந்திருக்காது.

கோயிலுக்குள்ளும் இடம்தான் பாதி விஷயத்தைத் தீர்மானித்தது. புத்தகத்தில் தனிப்படமாக நீங்கள் பார்க்கும் பல வதைக் காட்சிகள் பெரிய பீடப் படத்தின் அடியில் ஓடிய சிறு பட்டையின் துண்டுகள். மேலே அன்னை மரியாளின் அருகில் புனிதர் முழு உருவில், நல்லுடையில், விண்ணகத்தில் நிற்பார். அவர் அங்கே எப்படிப் போய்ச் சேர்ந்தார் என்ற கதை கீழே சின்னச் சின்னக் கட்டங்களில் ஓடும். பார்க்கிறவருக்கு முடிவு முதலிலேயே தெரியும். 1426-இல் பீசா நகரின் கார்மினே கோயிலுக்காக, ஒரு நோட்டரி கொடுத்த 80 ஃபுளோரினுக்கு மசாச்சோ வரைந்த பீடப் படம் பிற்காலத்தில் பிரிந்து பல நாடுகளுக்குப் போய்விட்டது. மரியாள் லண்டனில், சிலுவைக் காட்சி நேப்பிள்ஸில், அடிப்பட்டை பெர்லினில். அதில் பேதுருவின் சாவைப் பாருங்கள். தம் ஆண்டவரைப் போல நிமிர்ந்து சாகத் தகுதி இல்லை என்று அவரே தலைகீழாகக் கேட்டுக்கொண்டார் என்பது மரபு. பலகையின் அடி விளிம்பை ஒட்டித் தலை. பொன் ஒளிவட்டம் தரையில் முட்டி நிற்கிறது. இரு பக்கமும் ஆணி அடிப்பவர்கள் வேலையில் மும்முரமாகக் குனிந்திருக்கிறார்கள். படத்தின் உழைப்பு முழுவதும் அவர்கள் தோளில்தான்.

ஃபிரா ஆஞ்செலிகோ சான் மார்கோ மடத்துப் பீடத்துக்காக 1440 வாக்கில் செய்த வேலை இன்னும் சுவையானது. செலவு கோசிமோ தெ மெடிச்சியுடையது. கொஸ்மாஸ், தமியான் என்ற மருத்துவச் சகோதரர்கள் 'மருத்துவர்' என்று பொருள்படும் பெயர் கொண்ட மெடிச்சி குடும்பத்தின் காவல் புனிதர்கள். கோசிமோ தம் பிறந்தநாளைக் கொண்டாடியதும் அவர்கள் திருநாளான செப்டம்பர் 27-இல்தான். அடிப்பட்டையில் அவர்களையும் மூன்று தம்பியரையும் கொல்ல அதிகாரிகள் படும் பாடு கட்டம் கட்டமாக வருகிறது. கடலில் தள்ளினால் வானதூதர் கரைசேர்க்கிறார். நெருப்பில் நிறுத்தினால் மூட்டியவர்கள் மேலேயே தீ பாய்கிறது. ஐவரும் நடுவில் செபித்துக்கொண்டு நிற்கிறார்கள். சிலுவையில் கட்டிக் கல்லும் அம்பும் எறிந்தும் பயனில்லை. வாள் ஒன்றுதான் கடைசியில் பலிக்கிறது. இப்போது லூவ்ரில் உள்ள அந்தக் கட்டத்தில் இரத்தத்துக்குக் குறைவில்லை. உருண்ட தலைகளைச் சுற்றி ஒளிவட்டம் அப்படியே இருக்கிறது. ஒருவர் கண் கட்டப்பட்டு மண்டியிட்டு முறைக்குக் காத்திருக்கிறார். பின்னால் சைப்ரஸ் மரங்கள் வரிசை பிசகாமல் நிற்கின்றன. இரத்தத்தைக் காட்ட ஆஞ்செலிகோ தயங்கவில்லை. முகத்தைக் கோணலாக்க மட்டும் மறுத்தார்.

முகத்தில் வைக்காத வலியை வேறெங்கே வைத்தார்கள்? இதற்கு விடை சொல்ல லண்டன் நேஷனல் கேலரியில் மூன்று மீட்டர் உயரத்துக்கு ஒரு படம் இருக்கிறது. பிளாரன்ஸின் புச்சி குடும்பம் தங்கள் செபஸ்தியார் சிற்றாலயத்துக்காகச் செய்வித்தது; 1475-இல் முடிந்தது. ஓவியர்கள் பொல்லாயுவோலோ சகோதரர்கள் அந்தோனியோவும் பியெரோவும். செபஸ்தியார் தறித்த மரத்தின் உச்சியில், மேகத்தின் பக்கத்தில். கீழே சுற்றிலும் ஆறு வில்லாளிகள். கொஞ்ச நேரம் பார்த்தால் கணக்கு புரியும்: உடல்நிலைகள் மூன்றுதான், ஒவ்வொன்றையும் இரண்டு கோணத்தில் காட்டியிருக்கிறார்கள். இரண்டு பேர் குனிந்து குறுக்குவில்லுக்கு நாண் ஏற்றுகிறார்கள். ஒரு காலை வில்லின் முனையில் ஊன்றி, முழு உடம்பின் எடையையும் கொடுத்து இழுக்கிறார்கள். முதுகு வளைகிறது, தொடை இறுகுகிறது, மூச்சைப் பிடித்ததில் நரம்பு புடைக்கிறது. ஓவியர்களின் வாழ்க்கை வரலாறுகளை எழுதிய வசாரி இந்தப் படத்தைப் பற்றிச் சொல்லும்போது தனியாகப் புகழ்வது இந்தக் குனிந்த ஆளைத்தான். படத்தில் உண்மையாகவே உடல் நோகிற ஒரே இடம் அதுதான். கொல்கிறவன் படாதபாடு படுகிறான். கொல்லப்படுகிறவர் மேலே பார்த்துக்கொண்டு நிற்கிறார். அவர்களுக்குப் பின்னே ஆர்னோ ஆற்றுச் சமவெளி விரிந்து கிடக்கிறது, எனவே இது எங்கோ பழைய ரோமில் நடந்ததாகப் பிளாரன்ஸ்காரரால் நினைத்துக்கொள்ள முடியாது.

மான்தேஞ்ஞா மூன்று முறை செபஸ்தியாரை வரைந்தார். 1480 வாக்கில் அவர் வரைந்தது லூவ்ரில் இருக்கிறது. உடைந்த ரோமானியத் தூணில் கட்டுண்ட பெரிய உருவம். கீழ் மூலையைக் கவனியுங்கள். இரண்டு வில்லாளிகளின் தலையும் தோளும் மட்டும் சட்டத்தால் வெட்டுப்பட்டுத் தெரிகின்றன. முரட்டு முகங்கள், வேலை முடிந்து கிளம்பிவிட்டார்கள். அவர்கள் கண்மட்டமும் பார்ப்பவரின் கண்மட்டமும் ஏறக்குறைய ஒன்று. புனிதரின் பாதம் நம் தலைக்கு மேலே. கொன்றவர்கள் நம் தோளுக்குப் பக்கத்தில். வெனிஸின் கா தோரோவில் உள்ள மூன்றாவது படத்தில்தான் வாய் திறந்து, முகம் நொந்து, உடல் முறுக்கி நிற்கிறது. அடியில் அணைந்து புகையும் மெழுகுதிரி. வலியை வரைய மான்தேஞ்ஞாவுக்குத் தெரியாது என்று யாராவது சொன்னால் இதைக் காட்டுங்கள். 1506-இல் அவர் இறந்தபோது அந்தப் படம் அவருடைய பட்டறையிலேயே இருந்தது.

ஆல்ப்ஸுக்கு வடக்கேயும் இதே கதைதான். லூவன் நகரின் பேதுரு ஆலயத்தில் இன்றும் உள்ள டிர்க் பௌட்ஸின் படத்தில் இரண்டு பேர் கைராட்டினத்தைச் சுற்றி எராஸ்மஸின் குடலை உருவுகிறார்கள். இரத்தம் இல்லை என்றே சொல்லலாம். நல்ல உடை உடுத்திய பெரிய மனிதர்கள் நின்று பார்க்கிறார்கள். இதே காலத்தில் பிரான்ஸில் ழான் ஃபூக்கே ஒரு செபநூலில் அப்போலோனியாவின் பற்களைப் பிடுங்கும் காட்சியை நாடகமாகவே வரைந்திருக்கிறார்: பின்னால் மேடைகள், ஏணிகள், பார்வையாளர்கள், கையில் புத்தகமும் கோலுமாக ஆட்டுவிக்கும் ஆள். மறைசாட்சிகளின் கதைகளை நாடகமாக நடித்துப் பார்த்த காலம் அது. யார் எங்கே நிற்பது, யார் குனிவது, யார் வானத்தைப் பார்ப்பது என்ற ஒழுங்கு ஓவியத்துக்கும் மேடைக்கும் பொதுவாக இருந்தது.

வதைக் கருவியே அடையாளமாகிப் போன படங்களையும் தவறவிட வேண்டாம். பிரான்செஸ்கோ தெல் கோஸ்ஸாவின் லூசியா (வாஷிங்டனில் இருக்கிறது) ஒரு பூங்காம்பை விரலிடுக்கில் பிடித்திருக்கிறாள். பூ இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கண்கள். அவளுடைய கண்களும் முகத்தில் பத்திரமாக உள்ளன. 1476-ஆம் ஆண்டைச் சேர்ந்த கார்லோ கிரிவெல்லியின் ஸ்தேவான், தலையிலும் தோளிலும் கல்லைத் தாங்கிக்கொண்டு புத்தகத்தோடு நிற்கிறார். எழுத்தறியாதவரும் கோயிலுக்குள் நுழைந்ததும் யார் எவர் என்று கண்டுகொண்டு மெழுகுதிரி ஏற்ற வேண்டும். வலியைக் காட்டும் முகங்களாக இருந்தால் எல்லாரும் ஒரே ஆளாகத் தெரிவார்கள். கல், கண், இரும்புக் கிராதி, சக்கரம் என்று கருவி இருந்தால் குழப்பமில்லை.

இந்த ஏற்பாடு நெடுநாள் நீடிக்கவில்லை. அமைதியான அழகிய உடல் காலப்போக்கில் அழகிய உடலாக மட்டும் பார்க்கப்பட்டது. ஃபிரா பர்த்தொலோமேயோ 1510-களில் சான் மார்கோவுக்கு வரைந்த செபஸ்தியாரைப் பார்த்துப் பெண்கள் மனம் சஞ்சலப்படுகிறார்கள் என்பது பாவசங்கீர்த்தனத்தில் தெரியவந்ததால், துறவிகள் அதைக் கோயிலிலிருந்து எடுத்து உள்ளறையில் வைத்தார்கள் என்று வசாரி எழுதுகிறார். பிறகு கத்தோலிக்கத் திருச்சபையின் திரிதெந்தீன் பொதுச்சங்கம் 1563-இல் திருப்படங்களைப் பற்றி ஆணை வெளியிட்டது. அடுத்த ஆண்டே ஜொவான்னி ஆந்திரியா ஜீலியோ என்ற குரு ஓவியர்களின் பிழைகளைப் பட்டியலிட்டு ஒரு நூல் வெளியிட்டார். உங்களுடைய அதே கேள்விதான் அவருடையதும்: ஸ்தேவான் மேல் கல்லடி எங்கே, லாரன்ஸ் மேல் தீக்காயம் எங்கே, ஏன் எல்லாரும் இவ்வளவு சுத்தமாக இருக்கிறார்கள்? பதில் 1580-களின் தொடக்கத்தில் ரோமின் சாந்தோ ஸ்தேபனோ ரொத்தோந்தோ கோயிலில் வந்தது. யேசு சபையின் ஜெர்மன்–ஹங்கேரி கல்லூரி மாணவர்களுக்காக பொமராஞ்சோ அங்கே 30-க்கும் மேற்பட்ட வதைக் காட்சிகளைச் சுவரைச் சுற்றி வரைந்தார். அறுப்பதும் பொசுக்குவதும் நசுக்குவதும் எழுத்துக் குறியிட்டு, கீழே விளக்கமும் சேர்த்து. தம் நாட்டுக்குத் திரும்பினால் உண்மையிலேயே சாக நேரலாம் என்றிருந்த இளைஞர்கள் அன்றாடம் பார்ப்பதற்கு. பார்ப்பவர் மாறியதும் படமும் மாறிவிட்டது.

எனவே உங்களிடம் மூன்று வேண்டுகோள்கள். ஒன்று, இந்தப் படங்களைப் பிரதி எடுக்கும்போது செபஸ்தியாரை மட்டும் வெட்டி எடுக்காதீர்கள். பொல்லாயுவோலோவின் நாண் ஏற்றுபவர்களிலிருந்து தொடங்குங்கள். அதே உடல்நிலையில் ஒரு நண்பரை நிறுத்தி முன்னும் பின்னும் வரைந்து பாருங்கள். இரண்டு, அடிப்பட்டைத் துண்டு என்றால் அதன் மேலே என்ன இருந்தது என்று தேடி, இரண்டையும் ஒரே தாளில் சின்னதாகவாவது வரைந்துகொள்ளுங்கள். மசாச்சோவின் பீசா பீடப் படத்துக்கு இதைச் செய்தால் ஒரு வாரம் நன்றாகப் போகும். மூன்று, உங்கள் குறிப்பேட்டில் ஓவியர் பெயர், ஆண்டு, இப்போதுள்ள அருங்காட்சியகம் என்று எழுதும் இடத்தில் இன்னொரு வரியும் சேருங்கள்: முதலில் எங்கே இருந்தது, யார் பணம் கொடுத்தார், முன்னால் நின்றவர் யார். பருவத் தேர்வுக் கட்டுரையில் 'உணர்ச்சி வெளிப்பாடு குறைவு' என்று எழுதுவதற்கு முன்னால் அந்த வரி நிரம்பியிருக்கட்டும்.

அன்புடன்,
ஓர் ஓவிய ரசிகர்